ஆஞ்சான், தாமான், பருமல்: பாய்க்கப்பலில் ஒரு கிழமை

முதலாம் நாள், சனி. பேர்கன் துறைமுகம், நோர்வே

அப்பா ஒரு கொப்பி தந்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் 40 பக்கக் கொப்பி. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே "கப்பல் சாமான்கள்" என்று தலைப்பு. பிறகு வரிவரியாகச் சொற்கள். பருமல். ஆஞ்சான். தாமான். அணியம். சுக்கான். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம். கை நடுக்கத்தோடு இரண்டு கிழமையாக இருந்து எழுதியிருக்கிறார்.

அப்பாவுக்கு 76 வயது. சொந்த ஊர் வல்வெட்டித்துறை. அவருடைய அப்பா, என் அப்பப்பா, ஒரு தண்டயல். பாய்க்கப்பலின் தலைவனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ரங்கூனுக்கு ஓடி அரிசியும் தேக்கும் ஏற்றி வந்த தலைமுறை அது. அப்பா 14 வயதில் சமையற்காரப் பெடியனாக அவரோடு ஏறித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஐந்தாறு தரம் போய்வந்தார். அதன் பிறகு பள்ளிக்கூடம், சண்டை, வேதாரணியத்துக்குப் படகு, கடைசியில் நோர்வேயின் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை. நான் அம்மாவோடு இங்கே வந்தபோது எனக்கு 8 வயது. எங்கள் ஊர்க் கப்பல் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை.

இந்தக் கப்பலையோ முப்பது வருடமாகப் பார்க்கிறேன். ஸ்டாட்ஸ்ரோட் லெம்கூல். ரோசன்கிரான்ட்ஸ் கோபுரத்துக்குப் பக்கத்துத் துறையில் வெள்ளை உடம்போடு நிற்கும். பஸ்ஸில் போகும்போது அப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மாலுமிகள் சிலரோடு, காசு கட்டி வரும் சாதாரண ஆட்களையும் இதில் வேலைக்குச் சேர்ப்பார்கள். பயணி என்ற பேச்சே இல்லை. ஏறினால் நீயும் மாலுமி. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை லீவு எடுத்து இன்று ஏறிவிட்டேன். போகும் இடம் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் உள்ள லேர்விக். போய்த் திரும்ப ஒரு கிழமை.

கப்பலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914இல் ஜெர்மனியின் பிரேமர்ஹாவனில் மாலுமிகளைப் பயிற்றுவதற்காகவே கட்டினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் பிரித்தானியர் எடுத்துக்கொண்டனர். 1921இல் நோர்வேக்கு வந்தது. அதற்கு முன்னின்றவர் கிறிஸ்டோபர் லெம்கூல் என்ற முன்னாள் அமைச்சர், பெயர் அவருடையது. 1940இல் நாஜிகள் பறித்து வேறு பெயர் வைத்து ஓட்டினார்கள். போர் முடிந்து பேர்கனுக்குத் திரும்பியது. 1967இல் வெளிநாட்டுக்கு விலைபோகும் நிலை வந்தபோது ஹில்மார் ரெக்ஸ்டன் என்ற கப்பல் முதலாளி வாங்கி நிறுத்தினார். 1978இல் அதை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். நூறு வயதைத் தாண்டிய கப்பலை ஓர் ஊர் இப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கடற்கரைதான் ஞாபகம் வரும்.

படுக்கை இரண்டாம் தளத்தில். நீளமான ஒரே மண்டபம். உத்தரத்துக்கு உத்தரம் துணித் தொட்டில்கள். 150 பேர் வரை இப்படித் தூங்கலாமாம். யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு இது ஏணைதான். பக்கத்து ஏணைக்காரி ஸ்டவாங்கரில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய முழங்கை என் விலாவில் முட்டுகிறது. ஆனாலும் ஏணைக்குள் உடம்பு அடங்கியதும் ஒரு சுகம்.

ஆட்களை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நாலு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் ஓய்வு. எனக்கு விழுந்தது பன்னிரண்டு முதல் நாலு வரை, பகலிலும் இரவிலும்.

இரண்டாம் நாள், ஞாயிறு. ஹெல்த்தஃபியூர்ட்

காலையில் கட்டை அவிழ்த்தோம். பேர்கனில் இருந்து வடமேற்காக வெளியேறும் கடற்கழியின் பெயர் ஹெல்த்தஃபியூர்ட். ஷெட்லாந்துக்குப் பழைய நோர்ஸ் மொழியில் ஹியால்ட்லாந்து என்று பெயர். அங்கே போகும் வழி என்பதால் கழிக்கும் அந்தப் பெயர் வந்தது. பஸ் ஜன்னலால் இதே தண்ணீரை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அது ஒரு வழி என்று இன்றுதான் உறைத்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எங்களுக்குக் கயிறு படிப்பித்தார்கள். எங்கள் குழுத் தலைவி 24 வயதுப் பேர்கன் பெண். கையைப் பார்த்தால் நாற்பது வயதுக் கை.

மூன்று மரம். முன்மரத்திலும் நடுமரத்திலும் குறுக்காகக் கட்டிய சதுரப் பாய்கள். பின்மரத்தில் மட்டும் கப்பலின் நீளவாட்டில் விரியும் பாய். மொத்தம் 22 பாய், 2,026 சதுர மீற்றர் துணி. கப்பலின் நீளம் 98 மீற்றர், மரத்தின் உயரம் 48 மீற்றர். இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கீழே நின்று பார்த்தால் கண்ணில் படுவது நூற்றுக்கு மேற்பட்ட கயிறுகள்தான், எல்லாம் ஒரே நிறம், ஒரே தடிப்பு. பக்கச் சுவரோரமாக வரிசையாகக் குற்றிகள். ஒவ்வொரு குற்றியிலும் எட்டு வடிவத்தில் சுற்றிய ஒரு கயிறு, அதன்மேல் வளையமாகத் தொங்கும் மிச்சம்.

"பாடமாக்க வேண்டாம், ஒழுங்கை விளங்கிக்கொள்" என்றாள் தலைவி. ஒழுங்கு இருக்கிறது. ஒரு பாய்க்குச் செய்ய வேண்டியவை நாலைந்துதான். அது தொங்கும் குறுக்குக் கம்பத்தை உயர்த்த ஒரு கயிறு. பாயின் கீழ் மூலைகளை இழுத்து விரிக்க இரண்டு. அதே மூலைகளை மேலே இழுத்துச் சுருக்க இரண்டு. காற்றுக்கு ஏற்றபடி கம்பத்தைத் திருப்ப இரண்டு. பாயின் வயிற்றை மேலே இழுத்து அடக்கச் சில. பாய் உயரத்தில் இருக்க இருக்க அதன் கயிறு பின்பக்கமாகப் போய்க் கட்டப்படும். இதை விளங்கிக்கொண்டால் காட்டில் பாதை தெரிகிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியை விரித்தேன். குறுக்குக் கம்பம், நோர்வேஜிய மொழியில் ரோ. அப்பாவின் படத்தில் அதுதான் பருமல். உயர்த்தும் கயிறு ஃபால், அப்பாவின் ஆஞ்சான். கீழ் மூலையை இழுக்கும் கயிறு தாமான். கப்பலின் முன்மூக்கு அணியம். பென்சிலால் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே நோர்வேஜியப் பெயரை எழுதிக்கொண்டு போனேன். ஒரே ஒரு கயிற்றுக்குச் சோடி அகப்படவில்லை. பாயின் வயிற்றை அடக்கும் கயிறு. பூக்கோர்டிங் என்கிறார்கள், 'பூக்' என்றால் வயிறு. அப்பா எழுதிய 11 பக்கத்தையும் இரண்டு தரம் பார்த்தேன். இல்லை. அந்த வரியை வெறுமையாக விட்டேன்.

பின்னேரம் மரம் ஏறினோம். இடுப்புப் பட்டியும் கொளுக்கியும் உண்டு. காற்று வரும் பக்கத்தால்தான் ஏற வேண்டும். காற்று உன்னைக் கயிற்றேணியோடு சேர்த்து அழுத்தும், மறுபக்கத்தால் ஏறினால் பிய்த்து எடுக்கப் பார்க்கும். பிடிப்பது பக்கத்து நெடுங்கயிற்றை, குறுக்குப் படியை அல்ல. படி அறுந்தாலும் கை தப்பும். முதல் மேடைக்குக் கீழே ஏணி வெளிப்பக்கமாகச் சாய்கிறது. இரண்டு மூன்று எட்டு முதுகு கடலைப் பார்க்க ஏற வேண்டும். அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் வலியில் துடிப்பவர்களிடம் நான் சொல்லும் அதே வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொண்டேன்: மூச்சை வெளியே விடு. விட்டேன். கை தானாக அடுத்த பிடிக்குப் போனது.

மேடையில் இருந்து பார்த்தபோது தீவுகளின் கடைசி வரிசை முடிந்து சாம்பல் நிறக் கடல் திறந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தினார்கள். அந்த அமைதியை எப்படி எழுதுவது? சத்தம் இல்லாமல் போகவில்லை. இத்தனை நேரமும் எஞ்சினுக்குக் கீழே கிடந்த சத்தங்கள் எல்லாம் எழுந்து வந்தன. மரம் முனகியது, கயிறு கிறீச்சிட்டது, அணியத்தில் தண்ணீர் கிழிந்தது.

மூன்றாம் நாள், திங்கள். வட கடல்

சரியான சத்தி. நிறைய எழுத முடியவில்லை.

காற்று தென்மேற்கு. நாங்கள் போக வேண்டியது ஏறத்தாழ நேர் மேற்கு. பேர்கனும் லேர்விக்கும் 60 பாகை அகலக்கோட்டை ஒட்டியே இருக்கின்றன, இடையில் 190 கடல் மைல் அளவு. சதுரப் பாய்க் கப்பல் காற்றின் முகத்துக்கு மிக நெருங்கி ஓடாது, கிட்டத்தட்ட 65 பாகை விலகித்தான் போகும். அதனால் வடமேற்காக ஒரு ஓட்டம், திரும்பித் தெற்காக ஒரு ஓட்டம் என்று ஊசி தைப்பது போலப் போகிறோம்.

தென்மேற்குக் காற்று யூன் மாதத்தில். ஊரிலும் இப்போது சோழகம் வீசும் காலம். காற்று ஒரே திசையில் இருந்து வருகிறது, குளிர் மட்டும் வேறு.

தலைவி இஞ்சி பிஸ்கட் தந்து, வாளியையும் தந்து, "படுக்காதே, அடிவானத்தைப் பார், ஏதாவது கயிறு இழு" என்றாள். இழுத்தேன். இழுக்கும்போது வயிறு மறந்துபோகிறது.

நான்காம் நாள், செவ்வாய். வட கடல்

நடுச்சாமத்தில் எழுப்பினார்கள். ஏணையின் கயிற்றை மெல்லத் தட்டி, பெயர் சொல்லி, வெளியில் குளிரா மழையா என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா பாடசாலைக்கு எழுப்பியது போல.

கடற்காவலில் எங்களுக்கு வேலை சுழற்சி முறையில் வரும். அணியத்தில் நின்று வெளிச்சம், படகு, மிதக்கும் மரம் பார்ப்பது ஒன்று. கீழே தீ ஏதும் உண்டா என்று கப்பலைச் சுற்றி நடப்பது ஒன்று. பின்பக்கத்தில், யாரும் விழுந்தால் எறிய வேண்டிய மிதவைக்குப் பக்கத்தில் நிற்பது ஒன்று. பிறகு சுக்கான்.

மிதவைக் காவலில் நிற்கும்போது ஓர் எண்ணம் வந்தது. அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க உன் வேலை மற்றவர்கள் விழாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பது மட்டும்தான். இராக் காவல் தாதியின் வேலையும் அதுவேதான். எனக்குப் புதிதில்லை.

சுக்கான் புதிது. ஆளுயரச் சக்கரம். காற்று இரவில் தெற்குக்குத் திரும்பிவிட்டது. இப்போது பக்கவாட்டுக் காற்று, நேர் மேற்காகப் போகலாம். திசைகாட்டியில் 265ஐப் பிடிக்கச் சொன்னார்கள். முதல் கால் மணித்தியாலம் முள்ளுக்குப் பின்னால் ஓடினேன். முள் 270க்குப் போனதும் சக்கரத்தைச் சுற்றுவேன். கப்பல் உடனே கேட்காது. இன்னும் சுற்றுவேன். பிறகு ஒரேயடியாகத் திரும்பி 255க்குப் போய்விடும். எங்கள் பின்னால் நுரைக் கோடு பாம்பு போல வளைந்து கிடந்தது.

பக்கத்தில் நின்ற வயதான மாலுமி முள்ளைக் கையால் மறைத்தார். "அதைப் பார்க்காதே. முன்னால் அந்த மேகத்தின் ஓரத்தைப் பார். அது முன்மரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது? அங்கேயே வைத்திரு." மேகத்தைப் பார்த்தேன். மெல்ல மெல்லக் காலடியில் ஒன்று தெரியத் தொடங்கியது. அலை பின்பக்கத்தைத் தூக்கும்போது, அணியம் நகரத் தொடங்குவதற்கு முன்பே உள்ளங்காலில் ஒரு சரிவு. அந்தச் சரிவுக்கே சக்கரத்தை ஒரு கைப்பிடி திருப்பினால் போதும். பிறகு மறுபக்கம் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் முடிந்து இறங்கியபோது பின்னால் நுரைக்கோடு பெரிய வளைவில்லாமல் போனது. இந்த வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலைக்கும் இவ்வளவு சந்தோசப்பட்டதாக ஞாபகமில்லை.

அப்பாவின் கொப்பியில் நாலாம் பக்கத்தில் வெள்ளிகள். எங்கள் பக்கத்தில் விண்மீனை வெள்ளி என்போம். அப்பப்பா எந்த வெள்ளியை எந்த மரத்தின் ஓரத்தில் வைத்து ஓடுவார் என்று படம் கீறியிருக்கிறார். மேகத்தின் ஓரத்தை முன்மரத்தோடு பொருத்திப் பிடிக்கச் சொன்ன மாலுமியும் அதே முறையைத்தான் சொல்லித்தந்தார். ஆனால் இந்த அகலக்கோட்டில் யூன் மாதத்தில் இரவு கறுப்பதே இல்லை. நடுச்சாமம் ஒரு மணிக்கும் வடக்கு அடிவானத்தில் வெளுத்த நீலக் கோடு. ஒரு வெள்ளி தெரியவில்லை.

பகல் காவலில் நடுமரத்தின் மேல் பருமலுக்குப் போய்ப் பாய் சுருட்டப் பழகினோம். பருமலுக்குக் கீழே ஒரு கயிறு தொங்கும், அதில் கால். வயிற்றைப் பருமலில் அழுத்திக் கொண்டு, இரண்டு கையாலும் துணியைக் கொத்தாக அள்ளி மேலே இழுத்து, மார்புக்குக் கீழே அடக்கி, அடுத்த கொத்து. துணி நனைந்து மரப்பலகை போல விறைத்திருந்தது. நகம் இரண்டு கிழிந்தது. பக்கத்தில் 17 வயதுப் பெடியன் ஒருவன், மறுபக்கத்தில் ஆசிரியை. ஒருவர் அடி எடுத்து வைத்தால் மற்ற இருவரின் காலும் ஆடும். அதனால் வைப்பதற்கு முன்பு சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி நகர்ந்தோம்.

ஐந்தாம் நாள், புதன். லேர்விக்

காலையில் பிரெசே தீவுக்கும் நகரத்துக்கும் இடையில் உள்ள நீரிணைக்குள் வந்து கட்டினோம். சாம்பல் கல் வீடுகள். சில வீடுகள் கடலுக்குள் காலை நீட்டி நிற்கின்றன. அந்தக் காலத்தில் படகில் வந்த சரக்கை நேரே வீட்டுக்குள் இறக்கியிருக்கிறார்கள். தெருப் பெயர்கள் ஹரால்ட் அரசர் தெரு, புனித ஓலாவ் தெரு. ஸ்கொட்லாந்துக் கொடி பறக்கும் ஊரில் நோர்வேப் பெயர்கள். 1469இல் டென்மார்க்–நோர்வே அரசர் முதலாம் கிறிஸ்டியான், மகள் மார்கிரேட்டின் சீதனக் காசுக்குப் பதிலாக இந்தத் தீவுகளை ஸ்கொட்லாந்து மன்னருக்கு ஈடு வைத்தார். காசு கட்டி மீட்கவே இல்லை. சீதனத்துக்குக் காணி ஈடு வைத்து மூழ்கிய கதைகள் நமக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஸ்கலோவே போனேன், பத்துக் கிலோமீற்றர் அளவு. இரண்டாம் உலகப் போரில் நோர்வேயை ஜெர்மனி பிடித்திருந்தபோது, ஷெட்லாந்தில் இருந்து மீன்பிடிப் படகுகள் இரவோடு இரவாக நோர்வேக் கரைக்குப் போய் ஆயுதமும் ஆட்களும் இறக்கி, தப்பி வருகிறவர்களை ஏற்றி வந்தன. மாரிகாலத்து இருட்டில், இதே கடலில். 'ஷெட்லாந்து பஸ்' என்று அதற்குப் பெயர். 1942இல் இருந்து தளம் ஸ்கலோவே. கரையில் கல்லால் ஒரு நினைவுச் சின்னம், மேலே சின்னப் படகு ஒன்று, கீழே திரும்பி வராதவர்களின் பெயர்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். வல்வெட்டித்துறையில் இருந்து வேதாரணியத்துக்கு எங்களை ஏற்றிப் போன படகோட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. அம்மா என்னை மடியில் வைத்துச் சாரியால் மூடியிருந்தார், எஞ்சின் சத்தமும் டீசல் மணமும் மட்டும் ஞாபகம். அங்கே நெடுநேரம் நின்றேன்.

லேர்விக்குக்குத் திரும்பியதும் அப்பாவுக்கு எடுத்தேன்.

"என்ன பிள்ளை, சாப்பிட்டியே?"

"ஓம் அப்பா. சுக்கான் பிடிச்சனான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எத்தினை பாய் விரிச்சு நிண்டது அப்ப?" என்று கேட்டார். சொன்னேன். காற்று எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கத்தால் அடித்தது, கப்பல் எவ்வளவு சரிந்தது, எல்லாம் கேட்டார். வெள்ளி தெரிந்ததா என்றும் கேட்டார். இங்கே இரவு இருட்டவில்லை என்றேன். "அப்ப என்னெண்டு ஓடினவங்கள் முந்தி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பிறகு அந்த வெறும் வரியைப் பற்றிக் கேட்டேன். பாயின் வயிற்றை மேலே இழுக்கும் கயிறு. எங்கள் கப்பலில் அது இருந்ததா?

"இருந்தது பிள்ளை. முன்மரத்தில சதுரப் பாய் போட்ட கப்பலில இருந்தது. அன்னபூரணியிலயும் இருந்திருக்கும். அதின்ர பேர்... நில்லு... வாயில நிக்குது."

வரவில்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அன்னபூரணியைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். எங்கள் ஊர்க் கடலோடிகள் அதை ஏடன், சுயெஸ், ஜிப்ரால்டர் வழியாக ஓட்டிப் போய், 1938 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல் அது. ஊரில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் அதன் பாயை எந்தக் கயிறு சுருக்கியது, அந்தக் கயிற்றுக்கு என்ன பெயர் என்று சொல்ல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தக் கேள்வி இரவு முழுக்க ஏணைக்குள் என்னோடு கிடந்தது.

ஆறாம் நாள், வியாழன். கடலில், கிழக்கு நோக்கி

மதியம் புறப்பட்டோம். திரும்பவும் தென்மேற்குக் காற்று, ஆனால் இப்போது நாங்கள் கிழக்கே போகிறோம். வரும்போது முகத்தில் அடித்த அதே காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. எங்கள் காவலிலேயே பாய்கள் விரிந்தன. ஆஞ்சானில் இருபது பேர் வரிசையாக நின்று கால் உதைத்து இழுத்தோம். "ஹால்!" என்று ஒருவர் கத்த, எல்லாரும் சேர்ந்து ஒரு இழுவை. மனதுக்குள் ஏலேலோ ஓடியது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் எடுப்பும் தொடுப்பும் இதே அளவுதான்: ஒருவர் சொல்ல, பலர் இழுக்க. அப்பாவின் கொப்பியில் 'ஆரியா' என்று ஒரு சொல் இருக்கிறது. கயிற்றை விடு, இறக்கு என்பதற்குக் கத்தும் கட்டளை. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், இந்துமா கடல் மாலுமிகள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

நடுச்சாமக் காவலில் காற்று ஏறியது. கப்பல் 11 நொட், அதாவது மணித்தியாலத்துக்கு 11 கடல் மைல், ஓடியது. சுற்றிலும் நுரை வெளிச்சம். உச்சிப் பாய்களை இறக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. நான் நின்றது நடுமரத்து வலப்பக்கக் குற்றிகளில். உச்சிப் பாயின் ஆஞ்சானைச் சுற்றவிழ்த்துத் தயாராகப் பிடிக்க வேண்டும். அரை வெளிச்சத்தில், மழை கண்ணில் அடிக்க, கையை வைத்து முதல் சுற்றை அவிழ்த்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு கை வந்து என் கையை அமுக்கியது. தலைவி. ஒன்றும் கத்தவில்லை. என் கையை அப்படியே அடுத்த குற்றிக்கு, பின்பக்கமாக, நகர்த்தி வைத்தாள். நான் அவிழ்த்தது அதற்குக் கீழ்ப்பாயின் ஆஞ்சான். அந்தப் பாய் காற்று நிறைந்து நின்றது. முழுவதும் அவிழ்த்திருந்தால் அதன் பருமல் பாரத்தோடு இறங்கியிருக்கும், என் உள்ளங்கையையும் கொண்டு போயிருக்கும்.

வேலை முடிந்து கயிறுகளை எல்லாம் வலஞ்சுழியாகச் சுருட்டித் தொங்கவிட்ட பிறகு, அவள் என்னைத் திரும்பக் குற்றிகளுக்குக் கூட்டிப் போனாள். கண்ணை மூடச் சொன்னாள். அணியப் பக்கத்தில் இருந்து கையால் தடவிக்கொண்டு பெயர் சொல்லச் சொன்னாள். பிழைத்தால் முதலில் இருந்து. மூன்றாம் தரம் சரியாக வந்தது. "எந்த மொழியில் சொல்கிறாய்?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன். தாமான், ஆஞ்சான், தாமான், ஆஞ்சான் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அவளுக்கு விளக்கினேன். கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாள். சமையலறை விளக்கில், கோப்பிக் குவளைகளுக்கு நடுவே, அப்பாவின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பருமலைத் திருப்பும் கயிற்றின் படத்தில் விரலை வைத்து, "இதைக் கீறியவர் கப்பலில் வேலை செய்தவர். முடிச்சு சரியாக இருக்கிறது" என்றாள்.

நாலு மணிக்கு ஏணைக்குள் ஏறியும் நித்திரை வரவில்லை. கை எரிந்தது. கண்ணை மூடினால் குற்றிகள் வரிசையாக வந்தன.

ஏழாம் நாள், வெள்ளி. பேர்கன்

காலையில் நோர்வேயின் வெளித்தீவுகள். ஹெல்த்தஃபியூர்ட்டுக்குள் வந்ததும் பாய்களைச் சுருட்ட மேலே அனுப்பினார்கள். நான் நடுமரத்தின் மூன்றாவது பருமலில். ஏறும்போது கால் நின்ற அந்தச் சாய்வு எப்போது தாண்டியது என்று தெரியவில்லை.

பின்னேரம் மூன்று மணிபோல் துறையில் கட்டினோம். அண்ணா அப்பாவைக் காரில் கூட்டி வந்திருந்தார். அப்பா ஊன்றுகோலோடு துறையின் ஓரம் வரை வந்து நின்றார். நான் இறங்கிப் போய்க் கட்டிப்பிடித்தேன். அவர் என் தோளுக்கு மேலால் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுமரத்தில மூண்டாவது பருமல். இடப்பக்கம் பாய் சரியா அமுங்கேல்லை. தண்ணி பிடிக்கும்."

திரும்பிப் பார்த்தேன். ஓம். ஒரு சின்ன மேடு. நானும் அந்தப் பெடியனும் சுருட்டிய இடம். 76 வயது, கண்ணில் வெண்படலச் சத்திரசிகிச்சை செய்த ஆள், துறையில் நின்று 30 மீற்றர் உயரத்தில் அதைக் காண்கிறார். தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் மேலே பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், தலையில் கை வைத்து வணக்கம் செய்தாள். பெடியனும் நானும் திரும்ப ஏறி அதைச் சரிசெய்துவிட்டு வந்தோம். அப்பா அது முடியும்வரை காருக்குள் போகவில்லை.

காரில் கொப்பியைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் எழுதிய நோர்வேஜியப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். வெறும் வரிக்கு வந்ததும் நின்றார்.

"வரேல்லை பிள்ளை. நாலு நாளாப் பாக்கிறன்."

"நாலு நாள் இல்லை அப்பா, புதன்கிழமைதானே கேட்டனான்."

"அதுக்கு முந்தியே தெரியும். எழுதேக்கையே வரேல்லை. அதாலதான் விட்டனான்."

அண்ணா காரை எடுக்கப் போனார். அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ரொறன்ரோவில் அவரோடு படித்த ஒருவர் இருக்கிறாராம். அவருடைய தகப்பனும் தண்டயல். மூத்தவர், கூடக் காலம் ஓடியவர். அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அங்க இப்ப என்ன நேரம்?"

"காலமை ஒன்பது மணி" என்றேன்.

"எழும்பியிருப்பான். எடு."

எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். மற்றக் கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். போன் அடித்துக்கொண்டிருந்தது.